கத்தரிக் கண்டுக்கு ஏற்ற வெளிச்சம்

எரிகிற மின்குமிழுக்கு அடியில் புறங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார் சபூரா. காத்தான்குடியில் சரீப்பின் மின்சாமான் கடைக்குள் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது.

"வெளிச்சத்தக் கண்ணால பாருங்களன் ராத்தா" என்கிறார் சரீப்.

"என்ட கண்ணுக்கு எல்லாம் வெளிச்சம்தான் தம்பி. கண்டுட இலைக்குச் சுடுமா எண்டுதான் பாக்கன்."

கடற்கரையோரம் இருந்த வளவில் கத்தரி, கொச்சிக்காய் மிளகாய்க் கண்டுகளை நாற்றுப்போட்டு விற்றவர் அவர். சுனாமி வீட்டைக் கொண்டுபோனது. மண்ணில் உப்பை விட்டுப்போனது. பிறகு கிடைத்த வீட்டைச் சுற்றிலும் மதில்கள். முற்றத்தில் வெயில் விழாது. மாரியில் கேட்கவே வேண்டாம். உள்ளறையில் பழைய மீன்பெட்டிகளில் மண் நிரப்பி, மேலே மின்குமிழைத் தொங்கவிட்டார். "கடலுக்குத் தெரியாம வளர்க்கன்" என்று சிரிப்பார்.

முதலில் கட்டிய குண்டு பல்ப் இலை ஓரங்களைக் கருக்கியது. அடுத்து, சூடு குறைந்த மஞ்சள் சுருள் பல்பை முகட்டோடு உயரக் கட்டினார். கண்டுகள் மளமளவென்று எழுந்தன. சபூராவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

யுத்தம் முடிந்த வருடத்து மாரியில் கண்டு வாங்கக் கேதீஸ்வரி என்றொரு பெண் வந்தார். ஷெல்லடிக்குப் பயந்து வெல்லாவெளியை விட்டு ஓடி, அகதியாய் அலைந்து, ஊர் திரும்பியவர். "வளவத் திருத்திட்டம் அக்கா. நடுறதுக்குத்தான் கண்டு ஒண்டும் இல்ல." இரண்டு பெட்டிகளைச் சுமந்துகொண்டு போனார்.

ஒரு கிழமைக்குள் மறுபடி வாசலில் நின்றார். கையில் ஒரு பிடி வாடிய தண்டுகள். சபூரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே ஒரு சொல் தடித்தாலே ஊர் பதறிய காலம் அது. ஏமாற்றிவிட்டாய் என்ற வார்த்தைக்காக அவர் காத்து நின்றார்.

"ஏசுறதுக்கு வரல்ல அக்கா. எல்லாம் படுத்திட்டு. என்ன பிழை எண்டு கேட்கத்தான் வந்தன்."

இருவரும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தினார்கள். மிச்சமிருந்த கண்டுகளும் வெளிறி, நூல் போல நீண்டு, மேலேயே அண்ணாந்து நின்றன.

"வளருது எண்டு நினைச்சன் புள்ள. வெளிச்சத்தத் தேடியெல்லோ ஓடியிரிக்கி" என்றார் சபூரா.

அன்றே சரீப்பிடம் போய், பகல் வெளிச்சம் போன்ற வெள்ளைச் சுருள் பல்புகளைத் தேர்ந்தெடுத்தார். கண்டுகளுக்கு ஒரு சாண் மேலே கட்டினார். அவை வளர வளரக் கயிற்றை உயர்த்தினார். இரவில் அணைத்துவிடுவார். "அதுகளும் உறங்கோணும்." நடக் கொடுக்குமுன் காலையில் கொஞ்ச நேரம் மதிலுக்கு வெளியே ஒழுங்கையில் வைத்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, வெயிலுக்குப் பழக்கினார். இம்முறை தண்டுகள் குட்டையாய், கருநீலம் ஓடித் தடித்திருந்தன.

கேதீஸ்வரி அவற்றைக் கொண்டுபோனபின் சேதியே இல்லை. தை போயிற்று. மாசியும் போயிற்று. வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டாலே சபூராவின் கைவேலை நின்றுவிடும்.

பங்குனியில் ஒரு முற்பகல், மண்டூர்த் துறையில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து வந்து சேர்ந்தார் கேதீஸ்வரி. பைக்குள்ளிருந்து காயும் பூவுமாக ஒரு முழுக்கிளையை வெளியே இழுத்தார்.

"ஒண்டுகூடப் படுக்கல்ல அக்கா!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்பது மூச்சாகத்தான் வந்தது. சபூரா காயைப் பார்க்கவில்லை. தண்டைப் பெருவிரலால் அழுத்தி வளைத்துப் பார்த்தார். அது வளையவில்லை. முள் குத்தியது. அவர் கையை எடுக்கவில்லை.