விழுந்த மரத்தின் நிழல்

தண்ணீர்மலைக் காட்டில் நீல இலைச் செடி ஒன்று உண்டு. முழங்கால் உயரம்கூட வராது. வானமே தெரியாதபடி மரங்கள் மூடிய சரிவில்தான் முளைக்கும். வெயில் சற்று விழும் பாதையோரத்தில் ஒன்றைக்கூடக் காண முடியாது. அரையிருளில் அதன் இலை மயில் கழுத்துபோல் மின்னும். பூந்தோட்டத்துக்குச் செடி சேகரிக்கும் வேலையில் நானும் என் கூட்டாளியும் அதைத் தேடிப் பலமுறை அந்தச் சரிவுக்குப் போயிருக்கிறோம்.

அங்கேதான், மழை ஓய்ந்த ஒரு காலையில், வேரோடு சாய்ந்த பெருமரம் அவனைக் கொன்றது. நான் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

வேதக்காரர்களாகிய நாங்கள் இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் கல்லறைத் திருநாள் வந்தது. அவன் மனைவி கல்லறையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். முந்தானையில் இன்னொரு மெழுகுவத்தி இருந்தது. அவன் விழுந்த இடத்திலும் ஏற்ற வேண்டும், அந்த இலையையும் பார்க்க வேண்டும் என்றாள். அவன் அதைப் பற்றிப் பேசிய போதெல்லாம், கள்ளுக்கடையில் முளைத்த செடியா என்று கேலி செய்தவள் அவள்.

மரம் விழுந்த இடைவெளியில் வெயில் கொட்டி, செடிகள் நீலம் இழந்து கருகிவிட்டதை வழியிலேயே சொன்னேன். அவள் நடையை நிறுத்தவில்லை.

சரிவில் புதரும் பெரணியும் மண்டியிருந்தன. விழுந்த மரத்தைச் சுற்றி வந்தேன். அதன் அடிவயிற்றுக்கும் மண்ணுக்கும் இடையே இருந்த இருட்டில் நாலைந்து செடிகள் மிஞ்சியிருந்தன. அவனைக் கொன்ற மரம்தான் அவற்றுக்கு நிழல்.

அவள் மண்டியிட்டு மெழுகுவத்தியை ஏற்றினாள். மஞ்சள் ஒளியில் இலைகள் மங்கிய பச்சையாகத் தெரிந்தன.

“இதுவா அண்ணே? கீரை மாதிரி இருக்கு.”

இந்த வெளிச்சத்தில் அந்த நீலம் தெரியாது என்றேன். ஆத்துமாக்களுக்கு ஏற்றிய திரியை எங்களில் யாரும் ஊதி அணைப்பதில்லை. அதுவாக எரிந்து அடங்க வேண்டும். அவள் வெகுநேரம் சுடரைப் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு ஊதினாள்.

கண் பழகப் பழக நீலம் மெல்ல எழுந்தது.

“இந்த மனுசன் பொய் சொல்லல லா,” என்றாள், மரத்தடியைப் பார்த்து.

அவள் மறுபடி ஏற்றவில்லை. இறங்கும்போது எங்களுக்குச் சற்றுப் பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“மெதுவா நடங்கண்ணே,” என்றாள்.

நான் நடையைக் குறைத்தேன்.