நோவுக்குச் சொல் தேடிக்கொடுத்த நபீஸா மிஸ்

பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டது, யாரோ இறந்திருக்கிறார்கள். லொறிகளின் இரைச்சலில் முதற்பாதி காதில் விழவில்லை. “மர்ஹூம் அப்துல் கபூரின் மகளும், வியாபாரி ஜவாத் அவர்களின் சகோதரியுமான...” என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. கபூர் என்ற பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஜவாத் என்ற பெயரைக் கேட்டதும்தான் யாரென்று எனக்குத் தெரிந்தது. அந்த அறிவித்தலில் நபீஸா மிஸ்ஸின் பெயர் கடைசியில் வந்தது. அவர் என்ன செய்தவர் என்பது வரவேயில்லை.

இந்த மலரை வாசிக்கும் உங்களில் அவரிடம் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். நபீஸா மிஸ் எங்கள் ஆசிரியர் கல்லூரியில் எழுத்தும் பேச்சும் கற்பித்தார். நான் அதே கல்லூரியில் மனையியல் விரிவுரையாளர். ஆசிரியர் அறையில் எங்கள் இருவரின் கதிரைகளும் ஒரே ஜன்னலுக்குக் கீழே கிடந்தன. கல்லூரிக்குள் அவரை மிஸ் என்றும் வெளியே அக்கா முறையில் ராத்தா என்றும் கூப்பிட்டேன். என்னை எல்லா இடத்திலும் பரீதா என்றே அழைத்தார்.

அவர் மன்னாரிலிருந்து வந்தவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, குடும்பத்தோடு வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது பள்ளியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த பெண். அந்தக் காலத்தைப் பற்றி அவர் தானாகப் பேசியதில்லை. ஒருமுறை மாணவிகளைக் கண்டக்குழிக்குச் சுற்றுலா கூட்டிப்போனோம். கரையில் வரிசையாக உல்லாச விடுதிகள். வெள்ளைக்காரர்கள் காற்றில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கிப் போனார்கள். மாணவிகள் அதை வாய் பார்த்துக்கொண்டு நிற்க, ராத்தா ஒரு விடுதியின் விளம்பரப் பலகையை வாசித்துத் தனக்குள் சிரித்தார்.

“என்ன ராத்தா?”

“ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி பாத்ரூமாம். இந்தப் பக்கத்துலதான் எங்கட கேம்ப் இருந்துச்சு, பரீதா.”

பிறகு சொன்னார். ஓலைக் கொட்டில்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ஆண்கள் கடற்கரைக்குப் போவார்கள். பெண்கள் வெளிச்சம் வருமுன் போய்விட்டு வரவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருக்கவேண்டும். ஒருநாள் அதிகாரி ஒருவர் குறை கேட்க வந்தார். ஆண்கள் அரிசி கேட்டார்கள், கூரைக்குக் கிடுகு கேட்டார்கள், மண்ணெண்ணெய் கேட்டார்கள். வேறு ஏதும் குறை உண்டா என்று கேட்டுக்கொண்டே அவர் எழும்பப் போனபோது பெண்கள் பக்கத்திலிருந்து நபீஸா எழுந்து நின்றிருக்கிறார்.

“எங்களுக்கு ஒதுங்க இடமில்ல சேர். இருட்டுலதான் போறம். அதனால பகல் முழுக்கத் தண்ணி குடிக்காம இருக்கிறம். புள்ளத்தாச்சிகளும் குடிக்கிறல்ல.”

அவருடைய வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். சில நாள் மகளோடு கதைக்கவில்லை. ஆனால் அந்த வாரமே பெண்களுக்கென்று கிடுகு மறைப்புகள் எழுந்தன. அரிசி வரத்தான் இன்னும் நாளெடுத்தது.

“மற்றவங்க எல்லாரும் எங்களுக்கு வசதி இல்ல, வசதி இல்ல எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தாங்க. வசதி எண்டா அந்த மனிசனுக்கு என்ன விளங்கும்? நான் தண்ணியப் பத்திச் சொன்னன். அதுதான் விளங்கிச்சு.” 

பின்னாளில் பல்கலைக்கழகத்தில் சொல்லாட்சிக் கலையைப் பாடமாகப் படித்தபோது, அதில் பாதி தனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததாகச் சொல்வார். 

கல்லூரியில் முதற் சில வருடங்கள் அவர் எல்லோரையும் போல்தான் கற்பித்தார். கட்டுரை, மேடைப் பேச்சு, விவாதம். அதை மாற்றியவள் ரிஸ்னா என்ற மாணவி. கலியாணமாகிச் சில மாதங்கள்தான். ஒருநாள் வகுப்பில் மேசைமேல் சாய்ந்தவள் நிமிரவில்லை. நானும் ராத்தாவும் அவளை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கி வெடித்திருந்தது. உள்ளே இரத்தம் நிறைந்துவிட்டது. சத்திரசிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

அதற்கு முந்தின கிழமை அவள் ஒரு வைத்தியரிடம் போயிருந்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவர் வாய்வுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார். கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “டொக்டர் ஆம்புள, மிஸ். அடிவயித்துல ஒரு பக்கம் குத்துது, ரத்தம் படுது எண்டு எப்பிடிச் சொல்ற? வெக்கமா இருந்துச்சு. வயிறு எண்டு மட்டும் சொன்னன்.”

ராத்தாவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். உப்பளங்களைத் தாண்டும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

“இந்தப் புள்ள என்ர வகுப்புல நல்லா எழுதுற புள்ள. நிலவப் பத்தி ஒரு பக்கம் எழுதும். தனக்கு எங்க நோவுது எண்டு சொல்லத் தெரியல. அப்ப நான் என்னத்தப் படிப்பிச்சன்?”

‘பெண்ணும் உடலும்’ என்ற பாடம் அப்படித்தான் வந்தது. கல்லூரித் தலைவரான பீடாதிபதி யோசித்து யோசித்துத்தான் சம்மதித்தார். உடலியல் பகுதியை நான் எடுத்தேன். எழுதுவதையும் பேசுவதையும் அவர் எடுத்தார். உடலில் ஓர் இடத்தைப் பற்றி எழுதுங்கள் என்பதுதான் முதல் பயிற்சி. ஒருத்தி உப்பில் நின்று வெடித்த தன் உம்மாவின் குதிகாலைப் பற்றி எழுதினாள். ஒருத்தி பிள்ளைப்பேற்றுத் தையலைப் பற்றி எழுதினாள். முப்பது வயதுக்குள் முடி கொட்டிப்போன ஒருத்தி, முந்தானைக்குள் யாருக்கும் தெரியாத தன் தலையைப் பற்றி எழுதினாள். அதை வாசித்துவிட்டு நான் அழுதேன். ராத்தா அழவில்லை. சிவப்புப் பேனாவால் ஓரத்தில், “நன்று. ஆனால் எப்போது கொட்டத் தொடங்கியது? இதை வாசிக்கும் வைத்தியருக்கு அது தேவை” என்று எழுதினார்.

மாதவிடாயைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரையை அவள் வீட்டில் யாரோ படமெடுத்துவிட்டார்கள். அது வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. பெற்றோரும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் கல்லூரிக்கு வந்தார்கள். மண்டபத்தில் கூட்டம். நான் ராத்தாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த மாணவியின் வாப்பா எழுந்து கேட்டார்:

“பொம்புளப் புள்ளைகள் எழுதுற விஷயமா மிஸ் இது? வெக்கம் எண்டு ஒண்டு வேணாமா?”

ராத்தா குரலை உயர்த்தவில்லை. “உங்கட மகளுக்கு ஏலாம வந்தா ஆரு டொக்டர்ட்ட கூட்டிக்கொண்டு போற?”

“நான்தான்.”

“எங்க நோவுது எண்டு டொக்டர் கேட்டா?”

“அவ உம்மாட்டச் சொல்லுவா. உம்மா என்னட்டச் சொல்லுவா. நான் டொக்டருக்குச் சொல்லுவன்.”

“மூணு வாய் தாண்டி வாறதுக்குள்ள அந்த நோவு வேற எங்கயோ போயிரும், நானா” என்று அண்ணனிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அந்த மனிதரும் சிரித்துவிட்டார். நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன். அடுத்த தவணை நேர அட்டவணை வந்தபோது அந்தப் பாடம் அதில் இருக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. ராத்தாவுக்கு இலக்கணம் மட்டும் கொடுத்திருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அவ்வளவு அழகாப் பேசினீங்களே ராத்தா” என்றேன்.

“நல்லாப் பேசினா வெல்லலாம் எண்டு நான் ஒருநாளும் படிப்பிச்சதில்ல, பரீதா. நல்லாப் பேசினா பேசினது நல்லா இருக்கும். அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு இலக்கணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவரைச் சுற்றி இடம் பெருகியது. யாரும் சண்டை பிடிக்கவில்லை. தேநீர் வேளையில் அவர் உட்கார்ந்த மேசைக்கு வேறு யாரும் வருவதில்லை. கலியாண அழைப்புகள் குறைந்தன. வீட்டில் வரன் பார்க்கப்படும் மாணவிகள் அவரோடு கதைப்பதைப் பிறர் காண்பதை விரும்பவில்லை. அவரும் கலியாணம் செய்யாதவர். வாப்பாவும் உம்மாவும் போனபின் பாலாவியில் அந்தச் சிறிய வீட்டில் தனியே இருந்தார். தெருவோடு லொறிகள் போய்ப் போய் முற்றத்து முருங்கையின் இலையெல்லாம் தூசியாயிருக்கும். முன்கூட்டியே ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைகளில் வீட்டில் வகுப்பு வைப்பதாகச் சொல்லிப் பார்த்தார். கதவைத் திறந்து வைத்திருந்தார். நான்தான் போனேன்.

ஆனால் போன் வரும். நான் அவருடைய குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பேர் சொல்லாத பெண்கள். நாளைக்கு கிளினிக்குக்குப் போகவேண்டும், இதை எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். ராத்தா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பொறுமையாக விசாரிப்பார். எந்தப் பக்கம், எரிகிறதா குத்துகிறதா, எப்போது கூடுகிறது. பிறகு ஒரு வசனத்தைச் செய்து கொடுப்பார். சிங்கள டொக்டரென்றால் சிங்களத்திலும் சொல்லிக்கொடுப்பார். “இப்ப நீங்க ஒருக்காச் சொல்லுங்க புள்ள. இன்னும் கொஞ்சம் சத்தமா.” அந்தப் பக்கம் திருப்பிச் சொன்னதும், “ஓம், அதுதான். போயிட்டு வாங்க” என்று வைத்துவிடுவார். என்ன ஆனது என்று பிறகு பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள்.

போன வருடம் அவருக்கே உடம்பு சரியில்லாமல் போனது. அவருடைய சகோதரர் ஜவாத் நானாவும் நானும் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். வைத்தியர் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு ஜவாத் நானாவிடம் எப்போதிருந்து என்று கேட்டார். நானா, “கொஞ்ச காலமா ஏலாம” என்று இழுத்தார். ராத்தா சிங்களத்தில் குறுக்கிட்டார்: “டொக்டர், நோவு எனக்கு. என்னைக் கேளுங்கள்.” வைத்தியர் கதிரையை அவர் பக்கம் திருப்பினார். ராத்தா சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே போனார். கடைசியில், இவ்வளவு தெளிவாகச் சொல்லும் நோயாளி தனக்குக் கிடைப்பது அரிது என்றார். சூலகத்தில் தொடங்கிய புற்றுநோய். பரவியிருந்தது.

வான் வண்டியில் திரும்பி வரும்போது ஜவாத் நானா முன்னால் தூங்கிவிட்டார். ஏன் இவ்வளவு காலம் எனக்குக்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க மதுரங்குளியில உங்கட வீட்டுல. நான் இங்க. போனுல சாப்பாடு, வெயில், கரண்ட் எல்லாம் கதைக்கிறம். நோவு வாறது அதுக்குப் பிறகு.” முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “சொல்றத்தப் படிப்பிச்சன். கேக்கிற ஆளுக்கு எங்க போற, பரீதா? ஒரே வீட்டுல ஒரு ஆள் இருந்தா, எழும்பக்குள்ள ஆ எண்டு ஒரு சத்தம் வந்தாலே கேப்பாங்க. எனக்கு அந்தச் சத்தமே வாறல்ல. ஆளில்லாத வீட்டுல ஆரும் முனகிறதில்ல.”

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். மாதம்பை தாண்டும்வரை விடவில்லை. அதன்பின் வாரத்தில் பாதி நாள் அவருடைய வீட்டிலேயே தங்கினேன். என் மகன் கட்டாரில், கணவர் மவுத்தாகி நான் தனியாகி நாளாயிற்று. எனக்கும் திரும்பிப் போகவேண்டிய அவசரம் எதுவும் இருக்கவில்லை. கடைசி மாதங்களில் அவர் முனகினார். அதைக் கேட்டு நான் எழும்பினேன்.

அவர் மறைந்த அன்று காலையில்தான் உடுப்பு மாற்றிவர என் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலாவிச் சந்தியில் இறங்கி, உள்ளே போகிற பஸ்ஸைக் காத்து நின்றபோதுதான் அந்த அறிவித்தல். ஜவாத் நானா என்னை அழைக்க முயன்றிருக்கிறார், கைப்பையின் அடியில் கிடந்த போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

ஜனாஸாவைக் குளிப்பாட்ட நாங்கள் சில பெண்கள் உள்ளே போனோம். வாசலில் மீன்வாடை வீசும் அபாயா போட்ட ஒரு பெண் தயங்கி நின்றாள். கண்டக்குழியிலிருந்து வந்திருந்தாள். அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வந்ததாம்.

“நீங்க மிஸ்ஸிட்டப் படிச்சவங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல. நான் ஸ்கூலே சரியாப் போகல்ல. மிஸ்ஸ நேர்ல கண்டதும் இல்ல. போனுல ஒருக்காக் கதைச்சது. மார்புல ஒரு கட்டி. எப்பிடிச் சொல்ற எண்டு மிஸ் சொல்லித் தந்தாங்க. அப்பிடியே போய்ச் சொன்னன். வெட்டி எடுத்துட்டாங்க. இப்ப சுகம்.” பிறகு கேட்டாள்: “நானும் ஒரு கை தண்ணி ஊத்தலாமா?”

ஊற்றினாள். குளிப்பாட்டுகிறவர்கள் உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. இதமான சுடுநீரில் கற்பூரம் கலந்து, ஒரு குழந்தைக்குச் செய்வதுபோலச் செய்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்யப் போனார்கள். நாங்கள் வாசல் கேட்டோடு நின்றுவிட்டோம். அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பெண்ணும் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். 

கல்லூரி மலருக்கு இரங்கல் எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதிப் பழக்கமில்லாதவள். “நாம் ஒரு சிறந்த கல்விமானை இழந்துவிட்டோம்” என்று தொடங்கினேன். மாணவிகள் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் ராத்தா என்ன செய்வார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ‘நாம்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். “இந்த ‘நாம்’ ஆரு? எல்லாரையும் கூட்டிக்கொண்டு வராதீங்க. நீங்க மட்டும் வாங்க” என்பார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். ஆகவே அந்த வரியை வெட்டிவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

நான் நபீஸா ராத்தாவை இழந்துவிட்டேன். விலா எலும்புகளுக்குக் கீழே, இடப்பக்கம், மூச்சை உள்ளே இழுக்கும்போது நோவுகிறது. மாலையில் கூடுகிறது.