தேனிக்குத் திரும்பிய ஜீப்பு

செவிலியர் கல்லூரியில் மனநலப் பாடம் நடத்துகிறேன். வகுப்பில்லாத நாட்களில் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் தொழிலாளர் வீடுகளுக்கு ஏறி இறங்கி, பிள்ளை பெற்ற பெண்களின் மனநலத்தைப் பற்றி ஆய்வு செய்கிறேன். எத்தனையோ பாடம் இருக்க இதை ஏன் எடுத்தீர்கள் என்று புதிதாக வரும் மாணவிகள் கேட்பார்கள். எங்கள் அப்பாவின் ஜீப்பில் கிளட்ச் கெட்டுப்போனதால் என்பேன். சிரிப்பார்கள். கிளட்ச் கெடவில்லை என்பதைத் தவிர அதில் பொய் கிடையாது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அப்பா போடியில் ஜீப்பு ஓட்டினார். விடிந்ததும் தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிப்போய், பொழுது சாயும்போது இறக்கிக்கொண்டு வருவார். அம்மாவின் ஒரே தங்கையை, என் சித்தியை, மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பாவின் அண்ணன் அந்தத் தோட்டத்துக் கங்காணி. அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். எந்த ஜீப்பு ஆட்களை ஏற்றலாம், யாருக்கு லோடு என்பதை அவர்தான் சொல்வார். கெட்டவர் இல்லை. எதையும் முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் விசாரிக்கிறவர், அவ்வளவுதான்.

சித்திக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்காது. அவள் ஒரு மாதிரியாக இருக்கிறாள் என்று தகவல் வந்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எப்போதும் என்னைக் கண்டதும் வம்புக்கிழுக்கும் சித்தி அன்றைக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை சீவவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. குழந்தை பக்கத்து வீட்டுக்காரி மடியில் கிடந்தது.

பெரியப்பா முடிவு செய்து வைத்திருந்தார். “காத்துக் கருப்பு அண்டிருச்சு. தேவாரத்துக்கு அங்கிட்டு ஒரு சாமியார் மடம் இருக்கு. கால்ல சங்கிலி போட்டு வச்சிருப்பாக. சரியாகிரும்.”

“டாக்டர்ட்ட காட்டுவோம் அண்ணே,” என்றாள் அம்மா.

“காட்டுனா பைத்தியம்னு பேராகிரும். அப்புறம் எவன் அவ கையால தண்ணி வாங்கிக் குடிப்பான்?”

அப்பா எழுந்தார். வெளியே போய் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சம்மதம் என்றுதான் நான் நினைத்தேன்.

கிளம்பினோம். முன்னால் அப்பா, நான், பெரியப்பா. பின்னால் குழந்தையோடு அம்மா, சித்தி, சித்தப்பா. கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் வண்டி பூப்போல இறங்கியது. போடிக்குள் வந்து, தேவாரம் ரோடு பிரிகிற இடத்தில் அப்பா வேகத்தைக் குறைத்தார்.

“கிளட்ச் பிடிக்க மாட்டேங்குது அண்ணே. தேனி ஒர்க்‌ஷாப்புல காட்டாம விட்டா தேவாரம் ரோட்டுல ராசிங்காபுரம்கூடத் தாண்டாது.”

“இம்புட்டு நேரம் நல்லாத்தானப்பா வந்துச்சு?” என்றேன் நான்.

பின்னாலிருந்து அம்மா என் தோளில் கிள்ளினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா?

“சோலி கெடக்கு, வெரசா முடிங்க,” என்றார் பெரியப்பா. ஜீப்பு தேனிப் பக்கம் திரும்பியது. அப்புறம் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடி, பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்து, வேப்பமரத்தடியில் நின்றது.

பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். “ஒர்க்‌ஷாப்புன்னீக?”

“வந்துட்டோம். இறங்குங்க.”

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் கறுத்துப்போனது. “நாளைலேருந்து லோடுக்கு மேல வந்துராதீக,” என்றார்.

“சரி அண்ணே. இப்பக் கொழுந்தியாளக் காட்டிருவோம்.”

சித்தப்பா தன் அண்ணனைப் பார்த்தார். பிறகு பின்பக்கமாகக் குதித்து இறங்கி, சித்தியிடம் கையை நீட்டி, “வா,” என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ் இருந்தார். என்ன செய்கிறது என்று கேட்டதும் எல்லோரும் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். பின்னாலேயே வந்துவிட்ட பெரியப்பாவின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. நர்ஸ் கையை உயர்த்தி, “நான் அவங்களத்தான் கேட்டேன்,” என்றார். சித்தியின் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சும்மா?”

அவளிடம் யாரும் அதுவரை எதையும் கேட்டிருக்கவில்லை. சித்தி நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். “பாப்பா பொறந்ததுலேருந்து தூங்கல.” பிறகு இன்னும் மெதுவாக, “பாப்பாவ எங்கிட்டக் குடுத்துராதீங்க சிஸ்டர். என்னென்னமோ தோணுது,” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அந்த நர்ஸ் சித்தியின் கையைப் பிடித்து, “சொன்னது ரொம்ப நல்லதும்மா. நாங்க பாத்துக்கிறோம்,” என்றார். பெற்ற பிள்ளையை வேண்டாம் என்கிறாள், இந்த நர்ஸ் பாராட்டுகிறாரே என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சித்தியை வார்டில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்தார்கள். அவள் தூங்கினாள். குழந்தை எங்கள் அம்மாவிடம் புட்டிப்பாலில் வளர்ந்தது. சொன்னபடியே பெரியப்பா லோடை நிறுத்தினார். அப்பா வேறு தோட்டத்துக்கு ஓட்டினார், அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் இருவரும் சமாதானமாக வருஷக்கணக்காயிற்று.

இப்போது நான் தோட்டத்து வீடுகளுக்குள் போனால் தூக்கத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன். வாசலில் நிற்கிற ஆண்கள் பதில் சொல்ல வந்தால், நானும் கையை உயர்த்துகிறேன். பிரசவத்துக்குப் பின் வரும் இந்த நோயைப் பற்றி என் மாணவிகளுக்குத் தெளிவாகச் சொல்கிறேன்: இது குணமாகும், வெரசாகக் காட்டினால் வெரசாகவே குணமாகும்.

வார்டிலிருந்து வந்த சித்தி கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். ஒருநாள் தலைக்குக் குளித்து, முடியை உலர்த்திக்கொண்டிருந்தவள், “அக்கா, பாப்பாவக் கொண்டா,” என்றாள். அம்மா யோசிக்காமல் தூக்கிக் கொடுத்தாள். நான்தான் விளையாட்டை விட்டுவிட்டு, சித்தியை ஒட்டி உட்கார்ந்து, குழந்தையின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னவள் ஒருத்தி, இப்போது கேட்கிறவள் வேறொருத்தி என்று நினைத்தேன். இரண்டு பேரும் ஒரே தாய்தான், குழந்தையை அவள் ஒருநாளும் கைவிட்டதில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.