கல் இல்லாத குழி

அந்த பஸ்ஸில் இருந்தவர்களில் எனக்கு நினைவிருப்பவர்கள் இவர்கள்தான். கண்டக்டர். கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு அம்மா. அவருடைய கொழுந்தனார். வெற்றிலைக் கூடையை மடியில் வைத்திருந்த ஒருவர். அப்புறம் நான்.

1962, சித்திரை மாதம். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் நிறுத்தத்துக்கு வருகிற பஸ். மத்தியானம்.

எனக்குப் பத்தொன்பது வயது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாலக்கரையில் நகை வேலை சொல்லிக் கொடுக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தேன். கோடை லீவிலும் பட்டறை திறந்திருக்கும். லீவு முடிவதற்குள் ஆளுக்கு மூன்று உருப்படி வெள்ளியில் செய்யவேண்டும். டிசைன் சொந்தமாக இருக்கவேண்டும். கடை மாதிரி கூடாது. நான் மெட்டி, மோதிரம், தோடு என்று முடிவு செய்தேன். மெட்டிக்கும் மோதிரத்துக்கும் ஏதோ வந்துவிட்டது. தோட்டுக்கு ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை டிசைனைப் படமாக வரைந்து காட்டாதவனுக்கு வெள்ளி கிடையாது. வெள்ளி இல்லை என்றால் அடுத்த வருஷம் இடம் கிடையாது.

மற்றவர்கள் மாங்காய், மயில், தாமரை என்று வரைந்து முடித்துவிட்டார்கள். பட்டறையில் ஃபேன் போட மாட்டார்கள். ஊதுகுழல் தீ அலையும், பொடி பறக்கும். அந்த வெக்கையில் யோசித்தால் வியர்வைதான் வந்தது. ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போய்த் தூண் தூணாகப் பார்த்தேன். அங்கேயும் மாங்காய், மயில், தாமரைதான். கொண்டு போன தாள் தீர்ந்தது. திரும்பி பஸ் ஏறினேன்.

நின்றுகொண்டு வந்தேன். எனக்கு முன்னால் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். இடது காதில் சிவப்புக்கல் தோடு. வழக்கமாகக் கல் வட்டமாக இருக்கும். இதில் ஏழு குழி, மேலிருந்து சாய்ந்து இறங்கியது. பெரிய கல், அதைவிடச் சின்னது, அதைவிடச் சின்னது. கடைசிக் குழியில் கல் இல்லை. வெறும் குழி. ஒரு சொட்டு இப்போதுதான் விழுந்த மாதிரி இருந்தது. எவன் செய்தானோ, துணிச்சல்காரன் என்று நினைத்தேன்.

தாள் இல்லை. எச்சில் தொட்டால் ஊதாவாக எழுதும் பென்சில் இருந்தது. உள்ளங்கையில் வரைந்தேன். சரியாகத் தெரியவில்லை என்று இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

கொழுந்தனார் பார்த்துவிட்டார். நான் கையை மூடிக்கொண்டேன். வெட்கம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அண்ணி, காதத் தொட்டுப் பாருங்க."

அந்த அம்மா தொட்டுப் பார்த்தார். "ஒரு கல்லு இல்லையே."

பஸ் காவேரிப் பாலத்தைத் தாண்டியிருந்தது. கண்டக்டர் விசில் ஊதி ஓரமாக நிறுத்தச் சொன்னார். "கைய விரிடா" என்றார். விரித்தேன். கல் இல்லை, ஊதாப் படம் இருந்தது. வியர்வையில் பாதி அழிந்திருந்தது.

வெற்றிலைக்காரர் எட்டிப் பார்த்தார். "மருதாணியா தம்பி? மாப்பிள்ளை நீதானா?" சிரித்தார்கள்.

நகை வேலை படிக்கிறேன் என்று சொன்னேன்.

"அதான் கல்ல நோண்டக் கத்துக்கிட்டிருக்க" என்றார் கொழுந்தனார்.

"நான் பாக்கும்போதே இல்லீங்க. வேணும்னே அப்படி விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

இதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "பல்லு விழுந்தாலும் வேணும்னே விட்டதும்பான்" என்றார் வெற்றிலைக்காரர். "ஸ்டேஷனுக்கு விடுங்க" என்று பின்னால் ஒரு குரல். நகை வேலைக்காரனுக்குத் திருட்டுப் பேர் ஒருமுறை வந்தால் போதும். எந்தப் பட்டறையிலும் உட்கார விட மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

அந்த அம்மா திருகாணியைக் கழற்றித் தோட்டைக் கையில் எடுத்தார். வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்து அந்தக் குழியைக் குத்தினார். மஞ்சள் உதிர்ந்தது. தினமும் பூசிக் குளித்த மஞ்சள், இறுகிக் கட்டியாக இருந்தது.

"இது இன்னைக்கு விழுந்ததில்ல. எத்தனை நாளாச்சோ. அந்தப் புள்ளைய விடுங்க."

"அண்ணி, நீங்க சும்மா இருங்க. வீட்ல அம்மா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"தொலைச்சுட்டேன்னு சொல்றேன். என் காதுதானே. கைய விடுங்க."

விட்டார். பஸ் கிளம்பியது. மணிக்கட்டில் அவர் விரல் பதிந்திருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மா தோட்டை என்னிடம் நீட்டினார். "கிட்டக்க பாத்து ஒழுங்கா வரைஞ்சுக்க. எறங்கும்போது குடு." கொழுந்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெற்றிலைக்காரர் கூடையிலிருந்து ஒரு துண்டுத் தாள் கிழித்துக் கொடுத்தார்.

"இதுல அப்படி என்னத்தக் கண்ட?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அந்தக் குழிதாங்க நல்லாருக்கு."

"கல்யாணத்துல அத்தனை பேரும் இதத்தான் பாத்திருப்பாங்க" என்றார். அப்புறம் சிரித்தார். சத்திரத்தில் தோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அதன் பிறகு பார்க்கவில்லை.

திங்கட்கிழமை படம் காட்டினேன். வெள்ளி கிடைத்தது. அந்தக் கோடையில் தோட்டைச் செய்து முடித்தேன். அவருடைய வலது காதை நான் பார்க்கவே இல்லை. அதனால் இரண்டையும் ஒரே மாதிரி செய்தேன். வாத்தியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டுலயுமா கல்லு விழுந்துச்சு?" என்றார். டிசைன் அப்படித்தான் என்றேன். "இத யாரு வாங்குவா?" என்றார். அவர் சொன்னது சரி. யாரும் வாங்கவில்லை. அடுத்த வருஷம் இடம் மட்டும் கிடைத்தது. அப்புறம் அந்த வேலையிலேயே காலம் ஓடிவிட்டது.

அந்த அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். கல் போன பழி என்மேல் நின்றிருக்கும். அவருக்கு வீட்டில் பேச்சு வந்திருக்காது. முன்பின் தெரியாதவனுக்காகப் பேச்சு வாங்கிக்கொள்ளப் போனார். எனக்கு யார்மேலாவது சந்தேகம் வந்தால், வாயைத் திறக்குமுன் அந்த வெள்ளித் தோட்டை எடுத்துப் பார்ப்பேன். இப்போதும் பெட்டியில்தான் இருக்கிறது. குழி பதினாலு. கல் பன்னிரண்டு.