மாதிரிக் காட்சி

ஹெட்போனை மாட்டுவதற்கு முன் அண்ணி அதை முந்தானையால் ஒரு முறை துடைத்தார். எங்கள் சங்கத்தின் தேர்வு அறையில், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கட்டும் நீலப் புடவையில், கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரையில் முதல் ஷாட் ஓடியதும் அவர் கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரோரம் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சினிமா, டிவி எடிட்டர்களின் சங்கத்தில் நான் ஆபீஸ் வேலை பார்ப்பவன். வீடு ராயபுரம், ஆபீஸ் வடபழனி. விண்ணப்பங்களை வாங்கி அடுக்குவது, கடிதம் அடிப்பது, முத்திரை குத்துவது, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது எல்லாம் நான்தான். சங்கத்தைத் திட்டுவதற்கென்றே பேனாவைத் திறந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். உறுப்பினர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பகல் பாராமல் அலைந்த நிர்வாகிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று. ஒரு காலத்தில் படத்தை வெட்டி ஒட்டி உருவாக்கியவனின் பெயரை டைட்டிலில் போடாமலே விட்டுவிடுவார்களாம். அந்தப் பெயருக்காகத்தான் இந்தச் சங்கமே தொடங்கினார்களாம். ஆண்டு விழாவில் மைக்கைப் பிடிக்கிற ஒவ்வொருவரும் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டார்கள். நாங்களும் கைதட்டிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போவோம். அப்படிப்பட்ட இடத்தில்தான் என் அண்ணன் மனைவியின் பெயரைச் சத்தமில்லாமல் துடைத்துப் போட்டார்கள்.

அண்ணி காசிமேட்டுப் பெண். அவர் அம்மா ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்றவர். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே, கோயிலுக்கு எதிர்ச் சந்தில் இருந்த வீடியோ கடையில் எடிட்டிங் செய்துகொண்டிருந்தார். ஞானஸ்நானம், பிள்ளைகளின் புதுநன்மைப் பூசை, கல்யாணம், சாவு எல்லாம் அந்தக் கடைக்கு வரும். கப்பலிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக எங்கள் பக்கத்தில் சாவு வீட்டையும் வீடியோ எடுப்பது வழக்கம். மற்றவர்கள் அந்த வேலையைத் தள்ளிவிடுவார்கள். அண்ணி விரும்பி எடுத்துக்கொள்வார். எப்படி அண்ணி அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கேமராகாரன் கத்தி அழுவறவங்க கிட்டயேதான் ஓடுவான் தம்பி. நெஞ்சுல அடி வாங்கனது ஒரு ஓரமா செருப்ப அடுக்கிகினு கீது பாரு, அதத்தான் நா தேடுவேன்" என்றார். படிப்பு பத்தாம் வகுப்பு. இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

பிறகு சாலிகிராமத்தில் ஒரு மெகா சீரியலுக்கு வேலைக்குப் போனார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சங்கத்தில் உறுப்பினர் கார்டு வைத்திருக்கிற எடிட்டர் ஒரே நேரத்தில் மூன்று நான்கு சீரியல்களுக்குத் தன் பெயரைக் கொடுப்பார். உள்ளே உட்கார்ந்து வெட்டுவது கார்டு இல்லாத வேறு யாராவதாக இருக்கும். அண்ணிக்கு வாய்த்த எடிட்டர் எங்கள் சங்கத்திலும் ஒரு நிர்வாகி. எல்லாரும் போல நானும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் வருவார், காபி குடிப்பார், "முடிஞ்சுதாம்மா?" என்பார், போய்விடுவார். அண்ணன் துறைமுகத்தில் லாரி ஓட்டுவதால் பல நாள் அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். அந்த அறையில் அண்ணியைத் தவிர வேறு யாரும் மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நான்கு வருடம், வாரத்துக்கு ஆறு நாள், சீரியல் முழுக்க அண்ணியின் கை. டைட்டிலில் சாரின் பெயர்.

அந்தச் சீரியலில் ஒரு காட்சி. மகன் இறந்துவிட்ட செய்தியை மாமியார் வந்து சமையலறையில் மருமகளிடம் சொல்ல வேண்டும். மருமகளாக நடித்தவர் மூன்று டேக்கிலும் பிரமாதமாக அழுதிருந்தார். வேறு யாராக இருந்தாலும் அழுகிற முகத்துக்குத்தான் ஓடியிருப்பார்கள். அண்ணி அந்த முகத்தைத் தொடவே இல்லை. கணவனுக்காகக் கட்டிவைத்த டிபன் பாக்ஸின் மூடியை அவள் கை போட்டு அழுத்துகிறது, மூடி சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி போடுகிறது. மாமியாரின் குரல் முடியும்வரை அந்தக் கையையே விட்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு நொடி முகம். எங்கள் தெருவே மறுநாள் அதைத்தான் பேசியது. அந்தக் காட்சிக்காகச் சாருக்கு விருது கிடைத்தது. பொன்னாடையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வந்து, அண்ணிக்கு ஒரு லட்டு கொடுத்தார். ஒரு லட்டு!

வியாசர்பாடியில் வளர்ந்த ஓர் இயக்குநர் கால்பந்து விளையாடும் பெண்களை வைத்துத் தன் முதல் படத்தை எடுக்கத் தொடங்கினார். அண்ணிதான் எடிட் செய்ய வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டார். பெயர் போட வேண்டுமென்றால் கார்டு வேண்டும். கார்டு வேண்டுமென்றால், யாரிடம் வேலை பார்த்தோமோ அவருடைய கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் சங்கத்தின் தேர்வில் வெற்றி பெற வேண்டும். அண்ணி சாரிடம் கடிதம் கேட்டார். "உனக்கு எதுக்கும்மா தனியா கார்டு? அதான் என் கார்டு இருக்கே" என்றாராம் சார். இதைச் சொல்லும்போது அண்ணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. வேறு வழியில்லாமல்தான் தேர்வுக்கு விண்ணப்பித்தார்.

தேர்வில் ஒரு காட்சியின் வெட்டாத ஷாட்டுகளை அப்படியே கொடுப்பார்கள். விண்ணப்பித்தவர் வெட்டி முடித்ததும், முன்பே வெளிவந்த மாதிரிக் காட்சியைப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். அந்த முறை காட்சி கொண்டுவரும் பொறுப்பைச் சார் ஏற்றுக்கொண்டார். என்ன கொண்டுவந்தார் தெரியுமா? விருது வாங்கிய அதே டிபன் பாக்ஸ் காட்சி. அன்று யார் தேர்வுக்கு வருகிறார்கள் என்ற பட்டியலை நான்தான் அவர் மேஜையில் வைத்தேன். பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தார். அது திமிர் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தன் பெயரையே திரையில் பார்த்துப் பார்த்து, அதைத் தானே வெட்டியதாக மனிதர் நம்பிவிட்டிருந்தார். கார்டு கொடுத்தே காலம் தள்ளுகிறவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி அது.

அண்ணி முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார்கள். வித்தியாசமே இல்லை. கை நிற்கிற இடம், குரல் முடிகிற இடம், முகம் வருகிற இடம் எல்லாம் அச்சு அசலாக ஒன்று. சங்கத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, டிவியில பார்த்து மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டியா? சொந்தமா யோசிக்கவே மாட்டியா?"

"டிவிக்கு இத வெட்டுனதே நாதான் சார். வோணும்னா சாரையே கேளுங்க" என்றார் அண்ணி.

எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். அவர் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "என் ரூம்ல வேலை கத்துக்கிட்ட பொண்ணுதான். பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கும், அதான் அப்படியே வருது" என்றார். கூட இருந்த இன்னொருவர், "வோணும்னாவாம்" என்று அண்ணி பேசியதைப் பழித்துக்காட்டிச் சிரித்தார். உண்மையைச் சொல்ல அந்த அறையில் இன்னும் ஓர் ஆள் இருந்தான். மூன்று அடி தூரத்தில், சுவரோரமாக, பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. ஒரே ஒரு வாக்கியம் போதும். வேலை போய்விடும் என்று பயந்தேன். அவ்வளவுதான், இதற்குமேல் இதை அழகாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் கடிதத்தை நான்தான் அடித்தேன். 'பிறரது படைப்பை நகலெடுத்தமையால் தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.' தலைவர் சொல்லச் சொல்ல அடித்து, முத்திரை குத்தி, நானே வீட்டுக்கு எடுத்துப்போனேன். அண்ணி படித்துவிட்டு மடித்து வைத்தார். அண்ணன் வீடே அதிரக் கத்தினான். எனக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் மாற்றி வெட்டியிருக்கலாமே அண்ணி என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அந்த சீனுக்கு வேற வெட்டு கெடையாது தம்பி. மாத்தி இருந்தா தப்பா வெட்டி இருக்கணும். தப்பா வெட்டிப்புட்டு பாஸ் ஆவறதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா?"

கால்பந்துப் படம் வந்தது. வெட்டியது அண்ணி. டைட்டிலில் கார்டு வைத்திருந்த வேறொருவரின் பெயர். இயக்குநர் மனசு கேட்காமல் 'நன்றி' என்ற பட்டியலில் அண்ணியின் பெயரைச் சேர்த்திருந்தார். மைதானம் கொடுத்த கிளப்புக்கும் சாப்பாடு கொடுத்த ஓட்டலுக்கும் நடுவில். திருவொற்றியூர் தியேட்டரில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் பெயர் வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், விளக்கையும் போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் விடக் கேவலம் பிறகு நடந்தது. டிபன் பாக்ஸ் காட்சியையே நிரந்தரத் தேர்வுக் காட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. மதிப்பெண் போட ஒரு தாளும் தயாரித்தார்கள். அதன் முதல் வரி: 'மாதிரிக் காட்சியுடன் எவ்வளவு பொருந்துகிறது?' நன்றாகப் பொருந்தினால் நிறைய மதிப்பெண். அண்ணி செய்தால் நகல், மற்றவர்கள் செய்தால் திறமை. வருடா வருடம் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் அடுக்குகிறவன் நான். இதுவரை யாருக்கும் அந்த வரியில் முழு மதிப்பெண் விழுந்ததில்லை. எல்லாரும் முகத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

சென்ற மாதத் தேர்வு முடிந்து, விம்கோ நகரிலிருந்து வந்த ஒரு பெண் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். "அண்ணே, அந்த மாடல் சீன எடிட் பண்ணது யாருண்ணே? அவங்களாண்ட வேல கத்துக்கணும்." சாரின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணி தேர்வு எழுதியதிலிருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரையே சொன்ன பதினோரு வருடப் பழக்கம். அதை விழுங்கிவிட்டு அண்ணியின் பெயரைச் சொன்னேன், இனிஷியலோடு. அவள் மேலே சுவரில் இருந்த உறுப்பினர் பட்டியலில் போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்தாள். "அவங்க பேரு இல்லியேண்ணே. ஏன்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் பொதுக்குழு. பேச அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் அடித்த அந்தக் கடிதத்தையும் மதிப்பெண் தாளையும் ஒன்றாக எடுத்துப்போய்ச் சார் உட்கார்ந்திருக்கும்போதே படிக்கப்போகிறேன். நேற்று அண்ணியிடம் சொன்னேன். வேண்டாம், உன் வேலை போய்விடும், எனக்கு இனிமேல் எதற்குக் கார்டு என்று பெரிய மனதோடு ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன்.

அண்ணி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினார். "எனக்கு வோணும் தம்பி. அன்னிக்கும் வோணும், இன்னிக்கும் வோணும். போய்ப் படி."