ரிக் பட்டறைக்குக் கோட்டுப் போட்டுப் போனது

கறுப்புக் கோட்டுப் போட்டவனை எவனும் அடிக்க மாட்டான் என்று நம்பியிருந்தேன். அதனால்தான் எண்பதுகளின் கடைசியில் ஒரு சித்திரை வெயிலில், கோட்டும் கழுத்துப் பட்டையுமாகத் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் பட்டறை ஒன்றில் போய் இறங்கினேன். கம்ப்யூட்டர் படித்து, அப்புறம் சட்டமும் படித்து, பேட்டன்ட் வக்கீலானவன் நான். இரண்டு படிப்பிலும் அடிதடிக்குப் பாடம் கிடையாது.

பட்டறைக்காரர் என் கட்சிக்காரர். போர் போடும்போது ராடு நழுவி அவருடைய இரண்டு விரல்களை நசுக்கி எடுத்திருந்தது. மிச்சமிருந்த எட்டு விரல்களால், ராடைத் தானாகக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பு ஒன்றைச் செய்தார். பேட்டன்டுக்கு மனுவும் போட்டிருந்தோம். அதற்குள் அவருடைய மச்சான் அதே கிளாம்பைச் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார். மச்சானுக்கு நோட்டீஸ் எழுதத்தான் நான் போனது.

பேனா மூடியைத் திறந்தேன். இரும்புப் பைப்புகளோடு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு மச்சான் உள்ளே வந்தார். முதல் அடியில் கட்சிக்காரரின் புருவம் கிழிந்தது. பதிலுக்கு அவர் வீசிய ஸ்பேனர் ஒருவனின் முழங்காலைப் பெயர்த்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது; அதற்குள் நான் ரிக் வண்டிக்கு அடியில், அந்த முழங்காலுக்கு நேர் எதிரே படுத்திருந்தேன்.

கம்ப்யூட்டர் மூளை ஃப்ளோ சார்ட் போட்டது. ஓடலாமா? ஓடலாம். எங்கே? வாசலுக்கு. வாசலில் யார்? பைப்போடு ஒருவன். அப்படியானால் ஓடலாமா? இதிலேயே சுற்றிக்கொண்டு கிடந்தேன். கோட்டெல்லாம் கிரீஸ்.

மச்சான் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினார்: "என்னத்தைங்க மாமா புதுசாக் கண்டுபுடிச்சீங்க? போன ஆயுத பூசைக்கே பொட்டு வெச்சு, ஊரையே கூட்டி ஓட்டிக் காட்டுனீங்கல்ல! பூசணிக்கா ஒடச்சதே நானுங்க!"

படுத்த இடத்திலிருந்தே கேட்டேன்: "அந்தப் பூஜை, மனு போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதானுங்க வக்கீலு," என்றார் கட்சிக்காரர், மச்சானின் கழுத்தை விடாமல். "சாமிக்குக் காட்டாம கவுருமெண்டுக்கு எப்படிங்க காட்டறது?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மனுவுக்கு முன்பே ஊரறிய ஓட்டிக் காட்டியதைச் சட்டம் புதுசு என்று ஏற்காது, பேட்டன்ட் கிடைக்காது என்று, மனப்பாடம் செய்த பையன் மாதிரி ஒப்பித்துவிட்டேன். சண்டை நின்றது. எல்லோரும் குனிந்து என்னைப் பார்த்தார்கள்.

"இதெ மொதல்லயே கேக்கறதுக்கு என்னுங்க?" என்றார் கட்சிக்காரர்.

நியாயமான கேள்வி. மனு எழுதும்போது நான் கேட்கவே இல்லை. அவர் மச்சானை விட்டுவிட்டு, என் கோட்டுக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்.

பேட்டன்ட் கிடைக்கவில்லை. என் முன்பற்கள் இரண்டையும் உடைத்தவர் என் கட்சிக்காரர். விலக்கிவிட்டவர் மச்சான்.