ஏழு பட்டன் புயல்

நான் சாவியைக் கொடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

அப்போது எட்டாம் வகுப்பு. திருப்பூர் பக்கத்து முதலிபாளையத்தில் பெரியப்பாவுக்கு ஒரு காலி நிலம் இருந்தது. வெளுத்த பனியன் துணி ஈரத்தோடு அங்கே வரும். கயிறுகளில் போட்டு, வெயிலில் உலர்த்தி, தையல் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். வெள்ளைத் துணியில் மழைச் சேறு தெறித்தால் அவ்வளவுதான், மறுபடி வெளுக்க வேண்டும். அந்த வாரம் வங்கக் கடலில் புயல்.

வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி மேலே ஏறும், அந்த இடத்துக்குச் சுற்றியுள்ள காற்று ஓடிவரும், பூமியின் சுழற்சி அதைச் சுழற்றிவிடும் என்று பள்ளியில் படித்திருந்தேன். செயற்கைக்கோள் படத்தையும் ரேடாரையும் பார்த்து, புயல் இப்போது எங்கே இருக்கிறது என்று டிவியில் சொல்வார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, துணி வெட்ட அளவு பார்க்கும் பேட்டர்ன் அட்டையில் நான் வரைந்திருந்த தமிழ்நாட்டு மேப்பில், கடல்மேல் ஒவ்வொரு பட்டனாக ஒட்டினேன். ஏழு பட்டன் சேர்ந்ததும், அப்பா துணி வெட்ட வைத்திருந்த நீள ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தேன். கோடு நேராகத் திருப்பூருக்கு வந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஈரத் துணி மூட்டைகள் நிலத்தோரத்து ஷெட்டில் கிடந்தன. மறுநாள் கம்பெனிக்குப் போயாக வேண்டும், தவறினால் அடுத்த லோடு வேறு ஆளுக்கு என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். பெரியப்பா வருவதற்குள் ஷெட்டை இழுத்துப் பூட்டி, சாவியைப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டேன்.

"சாவியக் குடு கண்ணு. வெயில் ஏறுதல்லோ."

"குடுக்க மாட்டேனுங்க பெரியப்பா. பொயலு வருதுங்க."

"கடலு எங்க கெடக்குது, நாம எங்க கெடக்கறோம்?"

"ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டேனுங்க. நம்ம மேலதானுங்க வருது."

எங்கள் பக்கம் சண்டைக்கு நின்றாலும் 'ங்க' போட்டுத்தான் நிற்போம். அட்டையை நீட்டினேன். பெரியப்பா பட்டன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அன்று அடித்தது போன்ற வெயிலை நான் பார்த்ததில்லை. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பக்கத்து நிலங்களில் எல்லாம் துணி சரசரவென்று காய்ந்தது. சாயங்காலம், புயல் திசை திரும்பி ஆந்திரப் பக்கம் போய்விட்டது என்று டிவியில் சொன்னார்கள். ஷெட்டைத் திறந்தால் குப்பென்று ஈர வாடை. துணி மறுபடி வெளுக்கப் போனது, அடுத்த லோடு பக்கத்து நிலத்துக்குப் போனது. வீட்டில் எல்லோரும் என்னைக் கரித்துக்கொட்டினார்கள். பெரியப்பா மட்டும் அதில் சேரவில்லை.

புயல் ஸ்கேல் பிடித்து நடக்காது, வளைந்து திரும்பும் என்று பின்னால் படித்தேன். தூரத்தில் போகிற புயல், நம் பக்கத்து ஈரக் காற்றையும் தன்னிடம் இழுத்துக்கொள்ளுமாம். என் மானத்தை வாங்கிய அந்த வெயிலும் புயல் செய்த வேலைதான். ஆக, நான் சொன்னது முழுக்கத் தப்பில்லை. இதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பூட்டு துருப்பிடித்தது, ஒரு அடிக்குத் தாங்காது. நிலம் முழுக்கக் கல். பெரியப்பா ஒரு கல்லைக்கூடக் கையில் எடுக்கவில்லை. என் பிடிவாதத்துக்கு முன்னால் அவர் தோற்றுவிட்டார் என்று வெகுநாள் பீற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னை நம்பிவிட்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.